முகம் உள்ளூர், பாஸ்போர்ட் மலேசியா

கேள்வி:

நான் மலேசியாவில் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். வயது 31. தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். கம்பெனி மாற்றலில் சென்னைக்கு வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஓஎம்ஆரில் அலுவலகம், பெருங்குடியில் வாடகை வீடு. தமிழ் பேசும் ஊர்தானே, என்ன கஷ்டம் என்று நினைத்துத்தான் வந்தேன். ஆனால் கும்பகோணத்தில் ஒரு லாட்ஜில் அறை தர மறுத்துவிட்டார்கள். தட்கல் டிக்கெட் எடுக்க முடியவில்லை. ஆட்டோவில் தினமும் சண்டை. மாமல்லபுரத்தில் தோழி எனக்கும் சேர்த்து 40 ரூபாய் டிக்கெட் எடுத்துவிட்டாள். அது தப்போ என்று இன்னும் உறுத்துகிறது. வீட்டு ஓனரம்மா "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறார். என்னோடு வந்த ஜெர்மன்காரருக்கு ஆளாளுக்கு ஓடிவந்து உதவுகிறார்கள். நான் கேட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்கிறார்கள். வயிறும் அடிக்கடி கெடுகிறது. சனி, ஞாயிறு வெளியே போகவே பிடிக்கவில்லை. தீபாவளிக்குத் தாத்தா ஊருக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பேசாமல் மலேசியாவுக்கே திரும்பிவிடலாமா என்றும் தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

— வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களைச் சென்னையில் குடியமர்த்துவதுதான் என் தொழில். வீடு பார்ப்பது, போலீஸ் பதிவு, வங்கிக் கணக்கு, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று எல்லாம் அதில் அடக்கம். ஜப்பான், கொரியா, ஐரோப்பா என்று பல இடங்களிலிருந்தும் வருகிறார்கள். அவர்களைவிட அதிகம் திணறுகிறவர்கள் மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, கனடாவிலிருந்து வரும் நம்மவர்கள்தான். கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் நடப்பு.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த ஜெர்மன்காரரைப் பார்த்த மாத்திரத்தில் "இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று தெருவே முடிவு செய்துவிடுகிறது. உங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. நீங்கள் வாய் திறந்தாலும் தமிழ்தான் வருகிறது. அதனால் கடைக்காரர், கண்டக்டர், வாட்ச்மேன் என்று எல்லோருமே நீங்கள் விவரம் தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். விவரம் கேட்டால் நக்கலாக நினைக்கிறார்கள். உங்கள் கம்பெனியும் அதையேதான் செய்திருக்கும் என்பது என் ஊகம். ஜெர்மன்காரருக்கு டிரைவரோடு கார், வீடு பார்த்துத் தர ஒரு ஏஜென்சி, முதல் மாதம் சர்வீஸ் அபார்ட்மென்ட் எல்லாம் கொடுத்திருப்பார்கள். உங்களுக்கு? "அவங்களுக்குத்தான் தமிழ் தெரியுமே" என்று ஒரு வரியில் அந்தச் செலவை மிச்சம் பிடித்திருப்பார்கள். இல்லையென்றால் சந்தோஷம். அப்படித்தான் என்றால் திங்கட்கிழமையே ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள்: வெளிநாட்டு ஊழியருக்கு உள்ள குடியமர்வு உதவி எனக்கும் வேண்டும் என்று. கெஞ்சலாக எழுத வேண்டாம். உங்கள் விசாவும் அவருடைய விசாவும் ஒரே வகைதான்.

அதே மெயிலில் இன்னொன்றும் கேளுங்கள். எஃப்.ஆர்.ஆர்.ஓ., அதாவது வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு முடிந்ததா? நீங்கள் எழுதாத விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 180 நாளுக்கு மேற்பட்ட வேலை விசாவில் வருகிறவர்கள் வந்து இறங்கிய 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இப்போது எல்லாம் ஆன்லைனில்தான்; அழைத்தால் மட்டும் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனுக்குப் போக வேண்டியிருக்கும். "நாங்க பார்த்துக்கறோம்" என்று ஹெச்ஆர் சொன்னது போதாது. பதிவுச் சான்றின் பிடிஎஃப் உங்கள் போனில் இருக்க வேண்டும். விடுபட்டிருந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்யலாம். தள்ளிப்போடப் போடத்தான் சிக்கல். நாட்டை விட்டுக் கிளம்பும்போது விமான நிலையத்தில் தெரியவருவது எல்லாவற்றிலும் மோசம்.

இந்தப் பதிவுக்கு வீட்டு ஓனர் ஒத்துழைப்பும் தேவை. வெளிநாட்டவர் யார் வந்து தங்கினாலும், தங்க இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். எல்லோரும் இதை 'சி ஃபார்ம்' என்பார்கள். உங்கள் ஓனரம்மாவுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கலாம். பலர் "போலீஸ், கீலீஸ்னு ஏம்மா வம்பு" என்று பயப்படுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அவர் பெயரில் கணக்குத் தொடங்கிக் கொடுத்துவிடுங்கள். கையோடு வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பழைய பழக்கம். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் அது செல்லும். கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கட்டும். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை மட்டும் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சண்டை எப்போதும் அங்கேதான் வரும்.

இனி அந்த லாட்ஜ். உங்களுக்கு அவமானமாக இருந்திருக்கும், புரிகிறது. ஆனால் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள். பொட்டு வைத்த ஒரு பெண் வந்து நல்ல தமிழில் அறை கேட்கிறார். மேனேஜர் சாவியைக்கூட எடுத்துவிட்டார். "ஆதார் கார்டு குடும்மா" என்கிறார். சிவப்பு அட்டை போட்ட பாஸ்போர்ட் வருகிறது. அவர் முகம் மாறிவிடுகிறது. மேலே சொன்ன சி ஃபார்ம் போட அவரிடம் லாகின் கிடையாது. போடாமல் அறை கொடுத்து, ராத்திரி செக்கிங் வந்தால் மாட்டிக்கொள்வது அவர். அதையெல்லாம் விளக்க நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை. "ரூம் ஃபுல்" என்று சொல்லி முடித்துவிடுகிறார். அவருக்கு உங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை.

ஆகவே இனி எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாளே போன் செய்து, "மலேசியா பாஸ்போர்ட், இடம் தருவீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். ஆப்பில் புக் ஆகிவிட்டது என்பதை நம்பிக் கிளம்பாதீர்கள்; ஆப்புக்கும் கவுன்டருக்கும் பல நேரம் பேச்சுவார்த்தையே கிடையாது. சுற்றுலாத் துறையின் தமிழ்நாடு ஓட்டல்கள், ஓரளவு பெரிய ஓட்டல்கள் எல்லாம் இதற்குப் பழகியவை. ஐநூறு, ஆயிரம் கூடுதலாக ஆகும். தனியாகப் பயணம் போகும் பெண்ணுக்கு அந்தக் காசு தண்டம் இல்லை.

மாமல்லபுரம் டிக்கெட்டையும் சொல்லிவிடுகிறேன். தொல்லியல் துறை அங்கே இந்தியருக்கு 40 ரூபாயும் வெளிநாட்டவருக்கு 600 ரூபாயும் வாங்குகிறது. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே டிக்கெட். இலங்கைக்காரர் வந்தால் அவருக்கும் 40 ரூபாய்தான், தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாடு என்பதால். மலேசியாவுக்கு அந்தச் சலுகை இல்லை. தாத்தா ஊர் புதுக்கோட்டை என்பது கவுன்டரில் கணக்கில் வராது. நியாயமா என்று கேட்டால் எனக்கும் பதில் இல்லை. ஆனால் அடுத்த முறை 600-ஐக் கொடுத்துவிடுங்கள். உள்ளே ஒரு காவலாளி அடையாள அட்டை கேட்டு, தோழி முன்னால் கூசி நிற்பதற்கு அது எவ்வளவோ மேல். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு டிக்கெட்டே கிடையாது. அங்கே போய் ஆசை தீர நில்லுங்கள். அப்புறம், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டைக்கு உங்கள் குடும்பத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று அம்மாவிடம் சொல்லித் தேடச் சொல்லுங்கள். தாத்தாவின் பழைய இந்தியப் பாஸ்போர்ட், பிறப்புப் பதிவு, பள்ளிச் சான்று, ஏதாவது ஒரு காகிதம் பெட்டிக்கடியில் கிடந்தாலும் போதும், விசாரிக்கத் தொடங்கலாம். அந்த அட்டை இருந்தால் எஃப்.ஆர்.ஆர்.ஓ. பதிவு வேண்டாம், நினைவுச் சின்னங்களில் இந்தியர் கட்டணம்தான்.

ரயிலுக்கு வருவோம். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. 2025 ஜூலை முதல் ஆன்லைனில் தட்கல் எடுக்க ஐஆர்சிடிசி கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். உங்களிடம் ஆதார் இல்லை. நீங்கள் காலை பத்து மணிக்கு எவ்வளவு வேகமாக விரல் ஓட்டினாலும் கதவு திறக்காது. அவ்வளவுதான் விஷயம். வெளிநாட்டவருக்கும் ஆதார் உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாளாவது இங்கே தங்கியிருக்க வேண்டும். ஆக, உங்களுக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. காலண்டரில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். அந்த அட்டை வந்த பிறகு ரயில், சிம், கேஸ், வங்கி என்று பாதி எரிச்சல் தானாகக் குறையும். எல்லாச் சிக்கலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் காலத்தில்தான் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். அதனால்தான் திரும்பிப் போவதைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம் என்கிறேன்.

அதுவரை என்ன செய்வது? சாதாரண முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்தது. 2024 நவம்பரில் குறைத்தார்கள். ஆன்லைனில் அந்தத் திறக்கும் நேரத்திலும் ஆதார் இணைத்த கணக்குகளுக்குத்தான் முதல் வாய்ப்பு. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆதார் தேவை டிக்கெட் எடுக்கும் கணக்குக்குத்தான், பயணம் செய்பவருக்கு அல்ல. அலுவலகத் தோழி ஒருத்தி தன் கணக்கில் உங்கள் பெயரைப் போட்டு எடுத்துத் தரலாம். ரயிலில் டிடிஇ கேட்டால் நீங்கள் உங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். தோழியைத் தொந்தரவு செய்ய மனமில்லை என்றால் முன்பதிவு மையத்துக்கு நேரில் போய்ப் படிவம் நிரப்பிக் கொடுங்கள். ஏழு மணிக்கே போய்விடுங்கள். உங்களுக்கு முன்னால் நிற்கும் பெரியவர் இரண்டு ரயில் எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருப்பார்; முதல் ரயிலில் இடம் இல்லையென்றால் யோசிக்காமல் அடுத்ததை நீட்டுவார். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். கவுன்டரில் நின்று யோசித்தால் பின்னால் இருப்பவர்கள் சும்மா விட மாட்டார்கள்.

டிக்கெட்டில் ஆர்ஏசி என்று வந்தால் பயப்படாதீர்கள். ரயிலில் ஏறலாம், பக்கவாட்டுக் கீழ் படுக்கையில் இன்னொருவரோடு உட்கார இடம் உண்டு, பெரும்பாலும் பிறகு படுக்கையும் கிடைத்துவிடும். வெயிட்டிங் லிஸ்ட் அப்படி இல்லை. ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங்கிலேயே நின்றால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. நடு படுக்கை கிடைத்தால், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரைதான் அதை விரிக்க உரிமை. கீழே இருப்பவர் ஒன்பதரைக்கே படுத்துவிடுவார், அல்லது காலை ஏழு மணிக்கும் எழுந்திருக்க மாட்டார். அது விதியில் இல்லாத இந்தியா, பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஏதாவது தொந்தரவு என்றால் ரயில்வே உதவி எண் 139.

ஆட்டோ விஷயத்தில் உங்களுக்கு ஆறுதல் சொல்ல முடியாது. சென்னைக்காரர்களுக்கே அது தினசரிச் சண்டைதான். 2013-இல் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. அதற்குப் பிறகு பெட்ரோல் எங்கேயோ போய்விட்டது, மீட்டர் அப்படியே நின்றுவிட்டது. டிரைவர்கள் மீட்டர் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். அதனால் தெருவில் போகும் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தாதீர்கள். ஆப்பில் அந்தத் தூரத்துக்கு என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். அதற்கு மேல் இருபது, முப்பது கேட்டால் கொடுத்துவிட்டு ஏறுங்கள். இரண்டு மடங்கு கேட்டால் "வேணாம்ண்ணே" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்குங்கள். பத்தடிக்குள் கூப்பிடுவார். கூப்பிடவில்லையென்றால் அவர் சொன்ன விலைதான் அன்றைய விலை.

ஆப்பில் புக் செய்தால் டிரைவர் உடனே போன் செய்வார். "எங்கக்கா போகணும்? கேஷா, ஜிபேயா? எங்க நிக்கிறீங்க?" மூன்றும் ஆப்பிலேயே இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றும். அவர் வண்டி ஓட்டிக்கொண்டே பேசுகிறார், வரைபடம் பார்க்க அவருக்கு நேரமில்லை. கட்டட எண்ணைச் சொல்லிப் பயனில்லை. அதிலும் சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். பக்கத்துப் பிள்ளையார் கோயில், மெடிக்கல் ஷாப், தண்ணீர்த் தொட்டி என்று கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு வழி சொல்ல ஒரு நிரந்தர வாக்கியம் தயார் செய்து மனப்பாடம் செய்துவிடுங்கள். கேஸ், கூரியர், சாப்பாடு கொண்டுவரும் பையன், எல்லோருக்கும் அதுதான்.

எல்லாவற்றுக்கும் ஆட்டோவும் வேண்டாம். நீங்கள் இருக்கும் பெருங்குடியிலேயே பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏறினால் திருமயிலையில் இறங்கலாம். பத்து ரூபாய் போதும். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிவிட்டு, மாட வீதியில் டிபன் சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். ராத்திரி நேரத்தில் அந்த நிலையங்கள் வெறிச்சோடிக் கிடக்கும், அப்போது வேண்டாம். பஸ்ஸில் சாதாரணக் கட்டண வண்டிகளில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. ஏறினால் கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார், அடையாள அட்டை கேட்பதில்லை. மலேசிய பாஸ்போர்ட்டுக்கு இந்த ஊரில் கிடைக்கும் ஒரே உள்ளூர்ச் சலுகை இதுதான் என்று என்னிடம் வந்த ஒரு பெண் சொல்லிச் சிரித்தார்.

வயிற்றைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள், 20 லிட்டர் கேன் வாங்கினால் மூடியில் சீல் இருக்கிறதா என்று பாருங்கள், மாதம் ஒருமுறையாவது டிஸ்பென்சரைக் கழுவுங்கள். பலர் கேன் தண்ணீரை வாங்கி அழுக்கு டிஸ்பென்சரில் ஊற்றிக் குடிக்கிறார்கள். கூட்டம் உள்ள கடையில் சாப்பிடுங்கள், வெட்டி வைத்த பழம் வேண்டாம். வீட்டில் ஓஆர்எஸ் பாக்கெட் இருக்கட்டும். காய்ச்சலோடு சேர்ந்து வந்தாலோ, இரண்டு நாளில் நிற்காவிட்டாலோ மருத்துவரிடம் போங்கள்; இங்கே டெங்கு, டைபாய்டு இரண்டும் உண்டு, மெடிக்கல் ஷாப்பில் அவர்களாக எடுத்துக்கொடுக்கும் மாத்திரையோடு இருந்துவிடாதீர்கள்.

ஓனரம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அதை எழுதிய விதத்திலிருந்து, ரயிலையும் ஆட்டோவையும்விட இதுதான் உங்களைக் குத்தியிருக்கிறது என்று தெரிகிறது. நாசூக்காக மறைத்துப் பேசுவானேன். "சொந்த ஊர் எது, எந்தத் தெரு, குலதெய்வம் எது" என்று சுற்றிவளைத்துக் கேட்பதும் சாதியைத் தெரிந்துகொள்ளத்தான். இவர் நேராகவே கேட்டுவிட்டார். கல்யாணம் ஆனதா, சம்பளம் எவ்வளவு, தனியாகவா இருக்கிறாய் என்று கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது வெறும் பேச்சு, சில நேரம் அக்கறை. அதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே பாதி பதில் சொல்லலாம். சாதிக் கேள்வி அந்தக் கணக்கில் சேராது. பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "நாங்க மலேசியாம்மா, அங்க இதெல்லாம் பேசறதில்ல" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டுத் தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீர்கள் என்று கேட்டுவிடுங்கள். மலேசியாவில் அறவே பேசுவதில்லையா என்று நான் கேட்கவில்லை. இங்கே அந்தப் பதில் வேலை செய்கிறது. அதற்குப் பிறகும் விடாமல் கேட்டால், சமையலறையில் என்ன சமைக்கிறீர்கள் என்று எட்டிப் பார்க்கத் தொடங்கினால், ஒப்பந்தம் முடியும்போது வீட்டை மாற்றுங்கள். அதே பகுதியில் அபார்ட்மென்ட்களில் ஓனர் வேறு ஊரில் இருக்கும் வீடு நிறையக் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து தனியாக வரும் பெண்களுக்கு நான் முதலில் தேடுவதே அந்த மாதிரி வீடுதான்.

"இதுகூடத் தெரியாதா" என்பவர்களுக்கு மருந்து உங்கள் கையில் இருக்கிறது. கேள்விக்கு முன்னால் ஊரைச் சொல்லுங்கள். "அண்ணே, நான் மலேசியா, வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. இந்த ஆதார் இல்லாம எப்படிப் பண்றது?" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவரின் முகமே மாறும். முதலில் "அப்படியா, தமிழ் நல்லாப் பேசறீங்களே!" என்பார். அடுத்து அவருடைய மச்சான் ஜொகூரில் வேலை பார்த்த கதை வரும். மூன்றாவதாக உங்கள் வேலை நடக்கும். கொஞ்சம் நேரம் பிடிக்கும், சலிப்பாகவும் இருக்கும். நம் ஊர் என்று நினைத்து வந்த இடத்தில் வாசலுக்கு வாசல் "நான் வெளியூர்" என்று சொல்லிக்கொள்வது வலிக்கிறது என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். வலிக்கட்டும், அதற்காகச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். அந்த ஜெர்மன்காரருக்கு அவருடைய முகமே முன்கூட்டி அறிவிப்புச் செய்துவிடுகிறது. உங்களுக்காக நீங்கள்தான் செய்ய வேண்டும்.

திரும்பிப் போகும் யோசனை இருந்தால் ஒன்றை மட்டும் இப்போதே விசாரித்துவிடுங்கள். உங்கள் சம்பளத்தில் பிஎஃப் பிடிக்கிறார்களா? இந்தியாவோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உள்ள ஜெர்மனி, ஜப்பான், கொரியா போன்ற நாட்டு ஊழியர்கள் அதற்கான சான்றைக் காட்டி விலக்குப் பெறலாம். மலேசியாவோடு அப்படி ஒப்பந்தம் இல்லை. அதனால் உங்களுக்கு முழுச் சம்பளத்தின் மேல் பிடிப்பார்கள். பொதுவாக 58 வயதுக்கு முன்னால் அதை எடுக்க முடியாது. ஹெச்ஆரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். மாதா மாதம் எவ்வளவு அங்கே போய் உட்காருகிறது என்று தெரிந்தால் உங்கள் கணக்கு மாறலாம்.

கடைசியாகப் புதுக்கோட்டை. பகலில் போக வேண்டுமென்றால் பல்லவன் எக்ஸ்பிரஸ் திருச்சி வழியாகப் புதுக்கோட்டையைத் தொட்டுக் காரைக்குடி போகிறது. பிற்பகலில் சென்னையில் கிளம்புவதால் போய்ச் சேர இரவாகிவிடும். ராமேஸ்வரம் போகும் இரவு ரயில்களும் அந்த ஊர் வழியாகப் போகின்றன. அறுபதாம் நாளைக் குறித்து வையுங்கள். தீபாவளி என்பதால் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். தப்பினால் அரசு விடும் சிறப்புப் பேருந்துகள் இருக்கின்றன. தெற்கே போகும் பேருந்துகள் இப்போது கோயம்பேட்டில் இல்லை, கிளாம்பாக்கத்தில்தான். பெருங்குடியிலிருந்து அங்கே போகவே தீபாவளிக் கூட்டத்தில் இரண்டு, மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம் வேறு.

என்னைக் கேட்டால், முதல் முறை தீபாவளி அன்று போகாமல் அதற்கு முன்னால் ஒரு சாதாரண வார இறுதியில் போய்விட்டு வாருங்கள். பண்டிகைக்கு வீடு நிறைய ஆள் இருக்கும். யார் பெரியப்பா, யார் சித்தப்பா பிள்ளை என்று புரிவதற்குள் கிளம்ப வேண்டி வந்துவிடும். அங்கே உள்ளவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். கட்டாயம் குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துப் போவார்கள், அரை நாள் அதற்கே ஆகும். தாத்தாவின் நிலம், வீடு பற்றிய பேச்சு வரலாம். "அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்" என்பதோடு நிறுத்துங்கள், எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். புதுக்கோட்டை டவுனில் ஓட்டலில் அறை போட்டுக்கொண்டு, கிராமத்துக்குப் பகலில் போய் வாருங்கள். "நம்ம வீடு இருக்கும்போது லாட்ஜா?" என்று கோபித்துக்கொள்வார்கள், பாஸ்போர்ட் பதிவு, போலீஸ் ரூல் என்று சொல்லிவிடலாம். ஓட்டலில் எப்படியும் பதிவு செய்வார்கள் என்பதால் அது பொய்யும் இல்லை. அம்மாவிடம் சொல்லி அங்கிருந்து மைலோ, பிஸ்கட் டின்கள் வரவழைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வீடு என்று கேட்டு, அதற்கு மேல் நாலு சேர்த்து. அப்புறம், தீபாவளிக்கும் போவதென்றால் திரும்பும் டிக்கெட்டையும் அதற்குரிய அறுபதாம் நாளிலேயே எடுத்துவிடுங்கள். பண்டிகை முடிந்து சென்னைக்கு வரும் கூட்டம், போகும் கூட்டத்தைவிட மோசம்.